திசையற்ற ஒலியின் இடம்: சப்வூஃபர் கையேடுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

சப்வூஃபர் பெட்டியோடு கூடவே வருகிற கையேடுகளில் ஒரு வாக்கியத்தை அடிக்கடி பார்க்க முடிகிறது. தாழ்ந்த ஒலிக்குத் திசை கிடையாது, ஆகவே இந்தப் பெட்டியை அறையில் எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சோபாவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், திரைச்சீலை மறைவில். இரண்டு பக்கம் தள்ளி அதே கையேடு வேறு மாதிரிப் பேசத் தொடங்கும். மூலையில் வைத்தால் அதிகம் கேட்கும், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கவும், திருப்தி இல்லையென்றால் இடத்தை மாற்றிப் பார்க்கவும். எங்க வேணா வச்சுக்கலாம்னா அப்புறம் எதுக்கு இடத்த மாத்திப் பாக்கணும்? இந்தக் கேள்வி விற்கிறவருக்கும் எழுவதில்லை, வாங்குகிறவருக்கும் எழுவதில்லை. ஒரு பிரதி தனக்குள்ளேயே இப்படிப் பிளந்து நிற்கும்போது அந்தப் பிளவில் கைவைத்துப் பார்ப்பது விமர்சனத்தின் வேலை. ஒலிப்பொறியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர்கள் பார்த்திருக்கிறார்கள், நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் 'கேட்பவர்' என்று ஒருவர் வருகிறார். அவர் யார் என்பதை அவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

முதலில் அந்தத் திசை விவகாரம். சப்வூஃபருக்கு (கடைத்தெருவில் 'வூஃபர்' என்றால் போதும், 'பேஸ் பெட்டி' என்றாலும் புரியும்) ஒதுக்கப்படுவது பொதுவாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி. அந்த எல்லைக்கோடு தற்செயலாக வந்ததில்லை. ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை நாம் அறிவது, இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேர்வதில் உள்ள சின்ன வித்தியாசங்களை வைத்துத்தான். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 14 அடி. நம் தலை ஒரு சாண் அகலம். அத்தனை நீள அலைக்கு முன்னால் இந்தத் தலை ஒரு தடையே இல்லை. இரண்டு காதும் ஏறத்தாழ ஒன்றையே கேட்கின்றன. ஆகவே திசை தெரிவதில்லை.

கவனித்துப் பார்த்தால் இது காதைப் பற்றிய ஒரு செய்தி. பெட்டியைப் பற்றியோ அறையைப் பற்றியோ இதில் ஒன்றும் சொல்லப்படவில்லை. கையேடு செய்கிற காரியம் என்னவென்றால், காதின் அறியாமையை எடுத்து ஒலியின் குணமாக மாற்றி எழுதிவிடுகிறது. 'எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை' என்பது 'எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்' என்று ஆகிவிடுகிறது. உண்மையில் மற்ற எந்த ஸ்பீக்கரைக் காட்டிலும் சப்வூஃபருக்குத்தான் இடம் முக்கியம். பாடகியின் குரலைத் தருகிற பெட்டியை அரை அடி நகர்த்தினால் நுணுக்கமான காதுக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். வூஃபரை நான்கடி நகர்த்தினால் ஒரு சுரம் முழுசாகக் காணாமல் போகும், அல்லது அறையே அந்த ஒரு சுரமாக வீங்கும்.

காரணம் எளிமையானது. 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 56 அடி, 40 ஹெர்ட்ஸ் சுமார் 28 அடி. நம் கூடம் 12 அடி. அலை அறைக்குள் அடங்குவதே இல்லை. சுவரில் மோதித் திரும்பி, எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, தன்மேலேயே படிந்து நிற்கிறது. அறையின் நீளம் பாதி அலைநீளத்துக்குச் சமமாகிற அதிர்வெண்ணில் இந்தப் படிவு நிலையாக நின்றுவிடும். சுவரோரம் மேடு, நடுவில் பள்ளம். இயற்பியல் பாடத்தில் நிலையலை என்று படித்தோமே, அதேதான். பாடத்தில் அது கம்பியிலும் குழாயிலும் இருந்தது. கம்பிக்குள் யாரும் நாற்காலி போட்டு உட்கார்வதில்லை என்பதால் அதன் விபரீதம் நமக்கு உறைக்கவில்லை. தாழ்ந்த ஒலியைப் பொறுத்தவரை அறைதான் வாத்தியம். பெட்டி அதை மீட்டுகிற விரல். எந்த இடத்தில் மீட்டுகிறோம், எந்த இடத்தில் கேட்கிறோம் என்ற இரண்டும் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன.

மூலையில் வைத்தால் அதிகம் கேட்கும் என்பதும் இதனால்தான். மூன்று பரப்புகள் சந்திக்கிற இடத்தில் எல்லா நிலையலைகளுக்கும் மேடு. அங்கே வைக்கப்பட்ட பெட்டி எல்லாவற்றையும் ஒருசேரக் கிளப்பிவிடும். அதிகம் கேட்கும், வாஸ்தவம்தான். நன்றாகக் கேட்குமா என்பது வேறு. கையேடு இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து ஒட்டிவிடுகிறது.

*

எந்த அறை? கையேடுகளில் ஒரு அறையின் படம் இருக்கும். செவ்வகம், அதில் ஒரு சோபா, சோபாவுக்கு நேரெதிரே பெட்டிகள், எல்லாம் சமச்சீராக. சுவர் எதனால் ஆனது என்று படத்தில் தெரியாது. ஆனால் அந்த யோசனைகளில் பெரும்பகுதி உருவான அமெரிக்க வீடுகளின் சுவர் மரச்சட்டங்களின் மேல் அரை அங்குல ஜிப்சம் பலகை அறைந்தது. தாழ்ந்த ஒலி பட்டால் அந்தப் பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வளைவதில் ஒலியின் ஒரு பகுதி கரையும், இன்னொரு பகுதி வெளியே போகும். வீட்டுக்காரர் காசு கொடுக்காமலே சுவர் அவருக்காக வேலை செய்கிறது. நம்முடையது செங்கல், மேலே சிமெண்ட் பூச்சு, தலைக்கு மேல் கான்கிரீட் கூரை, கீழே மொசைக் அல்லது டைல்ஸ். ஒன்றும் வளையாது. வந்த ஒலி ஏறத்தாழ அப்படியே திரும்பும். மேடு இன்னும் உயரமாகிறது, பள்ளம் இன்னும் ஆழமாகிறது, ஒரு அடி ஓய்வதற்குள் அடுத்த அடி வந்து விழுகிறது. ஆகவே அமெரிக்க வரவேற்பறையில் 'கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்' என்பது இங்கே வந்து சேரும்போது வேறு தீவிரம் பெற்றுவிடுகிறது. கையேட்டை மொழிபெயர்த்துவிடலாம், சுவரை மொழிபெயர்க்க முடியாது.

முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கனத்த திரைச்சீலை, கம்பளம், இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் சாத்தி வைப்பது, எல்லாம் நடக்கிறது. ஒலியைப் பஞ்சு உறிஞ்சவேண்டுமென்றால் அதன் கனம் கால் அலைநீளத்தை நெருங்கினால்தான் முழுப்பயன் தரும். 50 ஹெர்ட்ஸுக்கு அது ஐந்தரை அடிக்கு மேல். பத்தடிக் கூடத்தில் ஐந்தரை அடிப் பஞ்சை அடைத்துவிட்டு மனிதர்கள் எங்கே போவது? முட்டைத் தட்டு கைத்தட்டலின் எதிரொலியைக் கொஞ்சம் மழுக்கும். வூஃபருக்கு அது இருப்பதே தெரியாது.

நம் வீடுகளில் தாழ்ந்த ஒலியை உண்மையிலேயே குறைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று, திறந்த சன்னலும் திறந்த கதவும். சன்னல் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வருவதில்லை. ஏசி வந்தபிறகு அதுவும் மூடிக்கொண்டது. திறந்த சன்னல் என்றால் என்ன? நம் அறையின் கோளாறு அடுத்த வீட்டுக்குப் போய்த் தீர்ந்துகொண்டிருந்தது என்று பொருள். இதற்குப் பிறகு வருகிறேன்.

*

திருச்சியில் ஒரு நண்பரின் கூடத்தை எடுத்துக்கொள்வோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். நம் ஊர் அடுக்கக வீடுகளில் இந்த அளவு அபூர்வமில்லை. கணக்குப் போட்டால் நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும், அகலத்துக்கு 57இலும், உயரத்துக்கு மறுபடியும் அதே 57இலும் முதல் நிலையலை வருகிறது. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57இல் இரட்டை மேடு. பேஸ் கிடாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த தந்தி 55. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிடார் சும்மா தாளத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பதில்லை, தனியாக ஒரு பாதையில் நடந்துபோகிறது. இந்தக் கூடத்தில் அது நடக்காது. 55ஐ ஒட்டி விழுகிற சுரங்கள் எல்லாம் 57இன் மேட்டில் ஏறி வீங்கும், 41 மெலிந்துபோகும். எந்தப் பாட்டைப் போட்டாலும் கீழே ஒரே சுருதி. 'பேஸ் நல்லா தூக்குது' என்று நாம் கடையில் பாராட்டுவது பல நேரங்களில் இந்த ஒற்றைச் சுருதியைத்தான்.

நண்பர் வூஃபரை டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்திருந்தார். தன் நாற்காலியைக் கையேட்டுப் படத்தில் உள்ளபடி கூடத்தின் சரியான நடுவில் போட்டிருந்தார். நடு என்பது நீளவாக்கிலும் பள்ளம், அகலவாக்கிலும் பள்ளம். 47உம் கேட்காது, அகலத்தின் 57உம் கேட்காது. 'இவ்வளவு காசு கொடுத்து வாங்கியும் அடி சரியா வரல' என்று அவர் குமிழைத் திருகித் திருகி ஏற்றிக்கொண்டே போனார். எதிர் மூலையில், சன்னலோரம், அவருடைய அம்மாவின் கட்டில். மூலை என்றால் எல்லா நிலையலைக்கும் மேடு. அந்தம்மாள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 'ஏம்ப்பா, பாட்டு எங்கயோ தூரத்துல பாடுது, இடி மட்டும் என் கட்டிலுக்கு அடியில இடிக்குது.' ஒலியியல் படித்தவர்கள் இதைவிடச் சுருக்கமாக ஒரு அறையின் அழுத்தப் பரவலை விவரித்து நான் படித்ததில்லை.

'நீ கொஞ்சம் கட்டில இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கயேம்மா' என்றார் நண்பர். 'காத்த எங்கடா போயி வாங்குறது, சன்னல் இங்கதானே இருக்கு' என்றார் அம்மா. சமையலறை வாசலில் நின்றிருந்த நண்பரின் மனைவி சொன்னார்: 'உங்க நாற்காலிய நகத்தக் கூடாதுன்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?'

போடவில்லை. போடவேண்டிய தேவையே கையேட்டுக்கு இல்லை. அதன் படத்தில் நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது, நகராத ஒன்றாக, எல்லாமே அதற்காக நகரவேண்டிய ஒன்றாக. வூஃபர் எங்கே என்பது கேள்வி. நாற்காலி எங்கே என்பது கேள்வியே அல்ல, அதுதான் கேள்விக்கான தரை. ஆடியோ ரசிகர்கள் அந்த நாற்காலி இருக்கிற புள்ளியை 'இனிய இடம்' என்று அழைக்கிறார்கள். அங்கே ஒருவர் உட்காரலாம். ஒருவர்தான் உட்காரலாம். ஆங்கில ஆடியோ வட்டாரங்களில் 1980களிலிருந்து இன்னொரு கேலிச்சொல்லும் புழங்குகிறது, 'மனைவி ஒப்புதல் காரணி' என்று. பெட்டி பெரியது, அசிங்கமாக இருக்கிறது, நடுக்கூடத்தில் வைக்க வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளமாட்டாள், ஆகவே மறைத்து வைக்கிற மாதிரி வாங்கு என்கிற பொருளில். இந்தச் சொல்லாடலுக்குள் பெண் நுழைகிற ஒரே வழி கண் வழி. அலங்காரம் கெடுகிறதே என்று முகம் சுளிப்பவளாகத்தான் வருகிறாள். அவளுக்கு இரண்டு காதுகள் இருப்பதாக இந்தச் சொல்லுக்குத் தெரியாது. கட்டிலில் படுத்திருக்கிற மாமியாருக்கு அதுவும் இல்லை, ஒப்புதல் கேட்கப்படுகிறவர்களின் பட்டியலில்கூட அவர் வருவதில்லை. 'திசையில்லை, எங்கு வேண்டுமானாலும் வை' என்ற வாக்கியம் யாருக்காக எழுதப்பட்டது என்பது இப்போது விளங்கும். பெட்டியை மறைத்துவைக்க விரும்புகிற வீட்டுக்கு, பெட்டியை விற்க விரும்புகிறவர் எழுதித் தருகிற சமாதான உடன்படிக்கை அது.

*

ஃபூக்கோவை இங்கே இழுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அலங்காரத்துக்காக இல்லை. பெந்தாமின் வட்டச் சிறை நம் பத்திரிகைகளில் நிறையவே பேசப்பட்டாயிற்று. நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள், கோபுரத்தில் இருப்பவன் எல்லோரையும் பார்க்கலாம், அவனை யாரும் பார்க்கமுடியாது. 1975இல் வந்த 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலின் ஓர் அடிக்குறிப்பை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பெந்தாம் முதலில் காதாலும் கண்காணிக்க நினைத்தாராம். ஒவ்வோர் அறையிலிருந்தும் கோபுரத்துக்குக் குழாய்கள். பிறகு அந்த யோசனையைக் கைவிட்டார். ஏன் என்பதற்கு ஃபூக்கோ ஓர் ஊகத்தை முன்வைக்கிறார். குழாய் வழியே அதிகாரி கைதியைக் கேட்கலாம் என்றால் கைதியும் அதிகாரியைக் கேட்கலாம். பார்வையில் சாத்தியமான அந்த ஒருதலைப்பட்சம் செவியில் சாத்தியப்படவில்லை.

இதே விஷயத்தை 19ஆம் நூற்றாண்டின் ஒலியியல் வேறு பாஷையில் சொல்லியிருக்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸும் அவருக்குப் பின் ரேலேயும் வகுத்த பரிமாற்ற விதி. ஓர் இடத்தில் ஒலிமூலத்தை வைத்து இன்னோர் இடத்தில் கேட்டால் என்ன கிடைக்குமோ, அதையேதான் மூலத்தையும் காதையும் இடம் மாற்றி வைத்தாலும் கேட்போம். நடுவில் எத்தனை சுவர், பீரோ, வளைவு இருந்தாலும் சரி. பெந்தாமைத் தோற்கடித்தது இந்த விதி என்று சொன்னால் மிகையாக இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள். (ஜாக் அத்தாலி 1977இல் எழுதிய 'இரைச்சல்' நூல் இந்த இடத்தில் கைகொடுக்கும் என்று எதிர்பார்த்துத் திறந்தேன். அவருடைய அக்கறை இசையின் அரசியல் பொருளாதாரம். அறை அங்கே இல்லை.)

இந்த விதியிலிருந்துதான் சப்வூஃபர் வைக்கிற கலையின் ஆகச்சிறந்த உத்தி பிறக்கிறது. சில கையேடுகளில் கொஞ்சம் கூச்சத்தோடு கடைசிப் பக்கத்தில் இடம்பெறும். ஆங்கிலத்தில் இதற்குத் 'தவழ்தல்' என்றே பெயர். வூஃபரைத் தூக்கி நாற்காலியின் மேல், நம் தலை இருக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். பேஸ் நகர்ந்துகொண்டே இருக்கிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். பிறகு வீட்டுக்காரர் தரையில் கையும் முழங்காலும் ஊன்றிச் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே கனத்தில், வீங்காமலும் மெலியாமலும் கேட்கிறதோ, அந்த இடம்தான் வூஃபருக்கு உரியது. பெட்டி சிம்மாசனத்தில், எஜமானர் தரையில். செய்து பாருங்கள், கையேட்டுப் படத்தைப் பார்க்கிற கண்ணே மாறிப்போகும். குமிழ், அளவுகோல், சமச்சீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓர் ஆள் தன் வீட்டு மூலைகளில், கட்டிலடியில், செருப்பு விடுகிற இடத்தில் என்ன கேட்கிறது என்று முதன்முதலாகக் கேட்கிறார்.

நண்பர் தவழ்ந்தார். நடுவில் நாற்காலி, அதன்மேல் வூஃபர். எங்கே போய்க் கேட்டாலும் சரியில்லை, 47 எங்கேயும் வரவில்லை. விதிப்படி வரக்கூடாதுதான். பள்ளத்தில் வைத்த காதுக்கு எந்த மூலையிலிருந்தும் அது போய்ச் சேராது என்றால், பள்ளத்தில் வைத்த பெட்டியிலிருந்து எந்த மூலைக்கும் வராது. ஈக்குவலைசரில் ஏற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மேட்டை அதால் வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. 10 டெசிபல் ஏற்றினால் பத்து மடங்கு மின்திறன் வேண்டும், அந்தப் பத்து மடங்கும் அம்மாவின் கட்டிலுக்குத்தான் போகும். அண்ணியார் கேட்டபடி நாற்காலிதான் நகர்ந்தது. இரண்டடி பின்னால், ஓரடி பக்கவாட்டில். பாடகர்கள் சற்று ஒருபக்கம் சாய்ந்து நிற்பதுபோல் கேட்கிறது என்று நண்பர் இன்றும் குறைப்படுகிறார், அது நியாயமான குறைதான். மறுபடி தவழ்ந்ததில் வூஃபருக்குக் கிடைத்த இடம் டிவிக்கு நேர்கீழே, சுவரின் நடு. அந்த இடத்திலிருந்து அகலத்தின் 57ஐக் கிளப்ப முடியாது, உயரத்தின் 57 மட்டும் மிஞ்சும், இரட்டை மேடு ஒற்றையாகும். அதைவிட முக்கியமாக, நாற்காலிக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டதால் குமிழ் கீழே இறங்கியது. கட்டில் சன்னலோரமே இருக்கிறது. பீரோவின் தகரக்கதவு உறுமுவதும் நின்றது. (திசையில்லாத ஒலிக்குத் திசை காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரித் தகரங்கள்தான்.)

*

பொறியாளர்கள் எல்லோரும் நாற்காலியிலேயே நின்றுவிட்டார்கள் என்று சொல்வது அநியாயம். ஹார்மன் நிறுவனத்தில் இருந்த டாட் வெல்ட்டி 2002இல் ஓர் ஆய்வுரை வாசித்தார். எத்தனை சப்வூஃபர் இருந்தால் போதும் என்பது அதன் கேள்வி. ஓர் இருக்கைக்கு எது சிறந்த இடம் என்பதை அவர் ஒதுக்கிவைத்துவிட்டு, இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் எப்போது குறையும் என்று கேட்டார். செவ்வக அறையில் நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் வித்தியாசம் மிகக் குறைகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலும் பெரும்பகுதி நன்மை கிடைத்துவிடுகிறது. நான்குக்கு மேல் வைப்பதில் சொல்லும்படியான லாபம் இல்லை. எதிரெதிரே நிற்கிற இரண்டு பெட்டிகள் ஒன்று கிளப்புகிற முதல் நிலையலையை மற்றது அமுக்கிவிடுகின்றன, அதுதான் சூட்சுமம். இதற்கு ஒரு விலை உண்டு. மூலையில் கிடைக்கிற இலவச உரப்பு சுவர்நடுவில் கிடையாது. எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி கேட்க வேண்டுமானால் உரப்பில் கொஞ்சம் இழக்க வேண்டும்.

இந்த ஆய்வுரையை இந்தத் துறையின் முக்கியமான பிரதிகளில் ஒன்றாக நான் வைப்பேன், கணக்குக்காக மட்டும் இல்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டதற்காக. ஆனால் அதன் படத்திலும் புள்ளிகள் சோபாக்களின் மேல்தான், கூடத்தின் நடுப்பகுதியில். கேட்க விரும்பி வந்து உட்கார்ந்தவர்களுக்குள் சமத்துவம். கேட்க விரும்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறவர் அங்கேயும் சட்டகத்துக்கு வெளியே.

எந்தக் கொட்டு எங்கே நிற்கலாம் என்பதை நம் ஊரில் ஒலியியல் தீர்மானித்ததில்லை. பறை கோயிலுக்கு வெளியே நின்றதற்கு நிலையலை காரணம் இல்லை. சத்தத்துக்கு இடம் ஒதுக்குவது என்பது மனிதருக்கு இடம் ஒதுக்குவதாகவே இருந்துவந்திருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போகலாம்.

*

அதிர்வெண் பாதியாகக் குறையும்போது ஒரு சுவரின் தடுக்கும் திறன் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. குரலையும் வயலினையும் செங்கல் பிடித்து நிறுத்திவிடும். 50 ஹெர்ட்ஸ் சுவரை ஒரு திரைச்சீலை அளவுக்குத்தான் மதிக்கும். ஆகவே பக்கத்து வீட்டில் சொல் கேட்பதில்லை, ராகம் கேட்பதில்லை, பாடுகிறவர் ஆணா பெண்ணா என்று தெரிவதில்லை. பாட்டு நமக்கு, அடி அவருக்கு. தரையில் நேராக உட்கார்ந்திருக்கிற பெட்டி கான்கிரீட்டையே உலுக்குவதால் கீழ்வீட்டுக்கு இன்னொரு பங்கும் போகிறது. ரப்பர் வைத்தால் அந்தப் பங்கு குறையும், காற்றுவழிப் பங்கு குறையாது.

1974இல் யுனிவர்சல் நிறுவனம் 'எர்த்குவேக்' படத்துக்காகத் திரையரங்குகளில் சென்சரவுண்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிரம்மாண்டமான தாழ்-ஒலிப் பெட்டிகள், பூகம்பக் காட்சியில் இருக்கை நடுங்கும். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப்பூச்சு உதிர்ந்து தலையில் விழாமலிருக்க வலை கட்டினார்கள். விளம்பரத்துக்கு அதுவும் உதவியது. பல அரங்கு வளாகங்களில் பக்கத்து அரங்கில் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போய் முறையிட்டார்கள் என்பார்கள். சென்சரவுண்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகவே சேர்க்கிறார்கள். எனக்கு இதுதான் அந்த வரலாற்றின் நடுப்பக்கம். முதல் அரங்கில் இருந்தவர்கள் நடுக்கத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தார்கள். இரண்டாம் அரங்கில் இருந்தவர்கள் வாங்கவில்லை, அவர்களுக்கும் அது கிடைத்தது.

அப்படிக் கிடைத்தவர் நம் நாட்டில் சட்டத்திடம் போனால் என்ன ஆகும்? இரைச்சல் மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நல்ல வரம்பு. ஆனால் அந்த டெசிபலுக்குப் பின்னால் 'ஏ' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. காது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே கூர்மையோடு கேட்பதில்லை, ஆகவே கருவியும் அதற்கேற்பக் கழித்துக் காட்டவேண்டும் என்பதற்கான எடை முறை அது. ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட செவிப்புலன் வளைவுகளை ஒட்டி 1936இல் அமெரிக்கத் தரத்துக்குள் வந்தது. மெல்லிய ஒலிகளுக்கான வளைவைப் பின்பற்றியது. அதன்படி 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைக் கழித்துவிட வேண்டும். அதாவது நள்ளிரவில் உங்கள் படுக்கையறையில் 75 டெசிபல் அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் நின்று முழங்கினாலும் மீட்டர் 45 என்று காட்டும். வரம்புக்குள். அந்த அதிர்வெண்ணில் காதுக்குக் கேட்கத் தொடங்குகிற அளவே சுமார் 44தான். அதற்கு மேல் 30 டெசிபல் ஏறி நெஞ்சுக்கூட்டில் இடித்துக்கொண்டிருக்கிற ஒன்றைச் சட்டத்தின் காது கேட்கவில்லை.

காது திசையை இழந்தது, கையேடு அதை இடமின்மையாக எழுதியது, மீட்டர் அதையே ஒலியின்மையாகப் பதிவுசெய்கிறது. மூன்றாவதைத்தான் நான் அபாயமானது என்று நினைக்கிறேன். முதல் இரண்டில் வீட்டுக்குள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதில் புகார் கொடுத்தவர் பொய்யராகிவிடுகிறார். 'சார், மீட்டர்ல ஒண்ணும் இல்லையே' என்ற பிறகு அவர் பேசுவதற்கு மொழி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தாழ்ந்த ஒலி மிகுந்த இடங்களில் இந்த 'ஏ' எடை போதாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. ஜெர்மனியில் அண்டை வீட்டுத் தாழ்-ஒலியை அளப்பதற்கென்றே 1997இல் தனித்தரம் வகுக்கப்பட்டது. 2000இல் இங்கே விதி எழுதியவர்களுக்கு இவை எட்டாத தூரத்தில் இல்லை.

விதி மாறுகிற வரை ஒன்று செய்யலாம். பரிமாற்ற விதி சுவரோடு நின்றுவிடுவதில்லை. உங்கள் வூஃபரிலிருந்து அடுத்த வீட்டுக் கட்டிலுக்கு எவ்வளவு போகிறதோ, அந்தக் கட்டிலில் ஒரு வூஃபரை வைத்தால் உங்கள் வூஃபர் இருக்கிற இடத்துக்கு அதே அளவு வரும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கிறவர்கள் (அடுக்ககங்களில் இது முதல் தடை) ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகலாம். அவருடைய தலையணை இருக்கிற இடத்தில் அதை வைத்து ஓடவிட்டுவிட்டு, திரும்பிவந்து நம் கூடத்தில் தவழ்ந்து பார்க்கலாம். எங்கே அதிகம் இடிக்கிறதோ, அங்கே நம் வூஃபர் இருக்கக்கூடாது. நாற்காலிக்குத் தவழ்ந்து கண்டுபிடித்த இடமும் இதுவும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒத்துப்போகாவிட்டால் பிறகு அவரும் நம் கூடத்தில் வந்து உட்கார்ந்து, பாட்டைப் போட்டுக்கொண்டே, குமிழ் எதுவரை போகலாம் என்று பேசவேண்டியிருக்கும்.